ரப்பர் கை

“ஆம்புலன்ஸ்ல ஆளே இல்லன்னா, அடிபட்டவங்க கையை யாரும்மா பிடிச்சுக்குவாங்க?” என்று செவிலி கிளாடிஸின் மகள் முன்பொருநாள் கேட்டாள். இப்போது அதற்கும் வழி வந்துவிட்டது. நாகர்கோவிலில் கிளாடிஸ் கையுறை மாட்டி விரல் மடக்கினால், பனிமலைமேல் ஆளில்லாமல் பறக்கும் ஆம்புலன்ஸில் ரப்பர் கையும் விரல் மடக்கும்.

“என்ன சிஸ்டர், இந்தப் பிடி பிடிக்கீங்க? ஓடிருவேன்னா?” என்றான் வயிற்றில் குண்டு பாய்ந்த சிப்பாய் இசக்கி.

“நீ ஓடுத லட்சணம்தான் தெரியுதே! பேசிக்கிட்டே வா, தம்பி.”

பாதி வழியில் அவன் பேச்சு நின்றது. ‘நோயாளிக்கு நினைவில்லை. கையுறையைக் கழற்றலாம்’ என்றது அவள் முன்னிருந்த திரை.

கிளாடிஸ் கழற்றவில்லை. போன வருஷம் இப்படி அடிபட்டு ஆம்புலன்ஸில் வந்த அவள் தம்பி, “கண்ணு முழிச்சப்பவும் யாரோ கையை விடாம இருந்தாங்கக்கா” என்றிருந்தான். அது யாரென்று இன்றுவரை தெரியாது.

அறையில் வேறு யாருமில்லை. கர்த்தரை நினைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் தரையிறங்கி, இசக்கியின் விரல்கள் பதிலுக்கு இறுகுவது கையுறைக்குள் தெரியும்வரை அவள் விடவேயில்லை.