பொருக்கு உதிர்ந்த சுவர்

உலைச் சுவரில் உள்ளங்கையளவு சிவப்பு தெரிகிறது, கண்ணுகளா. உலோகம் உருகும்போது மிதக்கிற கசடு, சுவரின் குளிர்ச்சியில் உறைந்து உள்பக்கம் முழுக்கப் பொருக்காகப் படிந்திருக்க வேண்டும். அந்தப் பொருக்குதான் நெருப்புக் குழம்பு சுவரைத் தின்றுவிடாமல் காக்கிறது. இந்த இடத்தில் அது உதிர்ந்துபோயிற்று. மறுபடி படியும்வரை யாராவது பக்கத்தில் நின்று வெளியிலிருந்து தண்ணீர் அடிக்க வேண்டும். மேஸ்திரி தன் தங்கை புருஷனை நிறுத்தியிருக்கிறார். தண்ணீர் பட்ட இடத்தில் சுரீரென்று ஆவி எழும்புகிறது. குழாயைப் பிடித்திருக்கிற கையில் மயிர் பொசுங்கும் வாடை. "மச்சான், சூட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. இந்தச் சூட்டுல பொருக்குப் பிடிக்காது." "குறைச்சா இன்னிக்கு வேலை பாதியில நிக்கும். என் தங்கச்சி ஆக்கிப்போட்டு வளர்த்த உடம்புதானே மாப்பிள்ளை, கொஞ்சம் உருகட்டுமே!" சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதற்காகவே ஒருவன் டீ டம்ளரைக் கீழே வைக்கிறான். சிவப்பு சாப்பாட்டுத் தட்டளவு விரிகிறது. உள்ளே பொருக்கில் ஒரு பெரிய பாளம் பெயர்ந்து தொம்மென்று விழுகிறது. சிரிப்பு அறுந்து, எல்லோரும் ஓடிப்போய் சிமென்ட் தூணுக்குப் பின்னால் ஒண்டுகிறார்கள். முதல் ஆளாக மேஸ்திரி. குழாயை விடவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் அவன் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்கிறான். "கையை எடுத்துடாதீங்க மாப்பிள்ளை," என்று தூணுக்குப் பின்னாலிருந்து குரல் வருகிறது. "நாங்கெல்லாம் கூடவேதான் நிக்கிறோம்."