கார்னர் அண்ணாச்சி

எதிர் டீமுக்குக் கார்னர் கிடைத்ததும் கோமதிநாயகம் அண்ணாச்சி கைதட்டினார்.

"அது அவனுவளுக்குக் கொடுத்தது அண்ணாச்சி," என்றான் சித்தீக், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருக்கட்டும்லே. கார்னர் கார்னர்தானே."

சித்தீக்கின் லோடு ஆட்டோ பின்தட்டில் உட்கார்ந்திருந்தோம். கால்பந்து ஆட்டம் ஓடிய செல்போனைச் சணல் கயிற்றால் கம்பியில் கட்டியிருந்தான். எதிரே திருப்பூரிலிருந்து வந்த நூல் லாரி தார்ப்பாய்கூடப் பிரிக்காமல் நின்றது. பார்சல் ஆபீஸ் மேனேஜர், மூட்டை இறக்காத எங்களைத் திட்டுவதற்காகத்தான் வந்தார். வந்தவர் ஆட்டோச் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டார்.

சங்கரன்கோவிலில் சாயங்கால வெயில் முதுகை உரித்தது. இங்கிலாந்தில் அப்போது மத்தியானமாம். மத்தியான வெயிலில் எல்லாரும் கோட்டுப் போட்டிருந்தார்கள்.

எங்கள் டீம் நீலச் சட்டை. அதன் பெயர் எங்கள் யார் நாக்கிலும் நிற்கவில்லை. நீலம் என்றே வைத்துக்கொண்டோம்.

பேர்பெற்ற டீமெல்லாம் ஆடுவது முதல் வரிசையில். நீலம் கிடந்தது இரண்டாம் வரிசையில், அதிலும் அடிமட்டத்தில். வருஷம் பூராவும் தோற்றது. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தையும் பாடுபட்டுத் தோற்றது.

இது கடைசி ஆட்டம். மேலே மூலையில் ஒன்றுக்கு ஒன்று என்று போட்டிருந்தது. நேரம் முடிந்து, நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரமும் முடியப்போகிறது.

"இதுல கோல் விழுந்துச்சுன்னா நீலம் மூணாம் வரிசைக்குப் போயிரும்," என்றான் சித்தீக். "மூணாம் வரிசை ஆட்டம் என் செல்லுல வராது. பொறவு கார்னருமில்லை, ஒண்ணுமில்லை."

அண்ணாச்சி தட்டுவதை நிறுத்தினார். ஒரு கையில், தட்டும்போதும் விடாத வடை இருந்தது. ஆட்டம் தொடங்கும்போது வாங்கிய வடை.

அவருக்கு நீலத்தின்மேல் பிடிப்பு வந்ததில் அதிசயமில்லை. மகன் முத்துமணி நீலத்தின் ஊரில்தான் பெரிய படிப்புப் படிக்கிறான். அண்ணாச்சியிடம் இருப்பது பட்டன் செல். ஞாயிற்றுக்கிழமை மகன் குரல் வரும், அவ்வளவுதான். சித்தீக் செல்லுக்கு வா, முகம் பார்த்துப் பேசுவோம் என்றால், அங்கே சிக்னல் இல்லை என்பானாம்.

"இங்கன பனவடலிசத்திரத்துலயே சிக்னல் இருக்கு, இங்கிலாந்துல இல்லையாக்கும்," என்பான் எங்களோடு மூட்டை தூக்கும் சுடலைமணி.

அதிசயம் வேறு. நீலம் கோல் போட்டாலும் அண்ணாச்சிக்குச் சந்தோஷம் கிடையாது. கோல் போட்டவன்மேல் எல்லாரும் விழுந்து உருளும்போது, "சரி சரி, எந்திச்சு வேலையைப் பாருங்கலே" என்பார்.

கார்னர் மட்டும்தான் அவருக்கு ஆட்டம். அதுவும் வலதுகைப் பக்கம், தூரத்து மூலை. அங்கே பந்து போனால் எழுந்துபோய்ச் செல்லில் மூக்கு முட்ட நிற்பார். யார் அடித்தாலும் கைதட்டு. மற்ற மூலை என்றால் கொட்டாவி. நீலம் வெளியூரில் ஆடினால் மூட்டைமேல் படுத்து நன்றாகத் தூங்குவார்.

மார்க்கெட் வரைக்கும் அவருக்குக் கார்னர் அண்ணாச்சி என்றே பேராகிவிட்டது.

அந்த மூலைக் கொடிக்குப் பக்கத்தில், ரோடு போடுகிறவர்கள் போடுவதுபோல் மஞ்சள் கோட்டுப் போட்ட ஆள் ஒருவன் நிற்பான். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி. பின்னால் இடி விழுந்தாலும் திரும்பமாட்டான்.

"ஓசியில உள்ள விட்டிருக்கானுவ. அதையும் பார்க்காம நிக்கான் பாரு, மூதி," என்று ஒருநாள் சுடலைமணி சொல்லிவிட்டான்.

அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். "கூட்டம் உள்ள பாஞ்சிராம பார்த்துக்கிடுதான் வே. திரும்பினா வேலை போயிரும். உமக்கு என்ன தெரியும்?"

அதன்பிறகு கொஞ்ச நாள் சுடலைமணி தூக்கிய மூட்டைக்கு அவர் கைகொடுக்கவில்லை.

எதிர் டீம்காரன் பந்தை மூலையில் வைத்தான். திருப்தியில்லாமல் எடுத்து மறுபடி வைத்தான்.

"சவம், அடிச்சுத் தொலையேம்லே," என்றார் மேனேஜர்.

அடித்தான். பந்து எழும்பியது. நாங்கள் பந்தைப் பார்த்தோம். அண்ணாச்சி கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைகளுக்கு நடுவே நீலத்தின் கோல் கீப்பர் பாய்ந்து ஒரு குத்து விட்டான். பந்து எங்கோ போயிற்று. நடுவர் விசில் ஊதினார்.

மேனேஜர் சுடலைமணியைக் கட்டிப்பிடித்தார். சித்தீக் ஆட்டோவின் ஹாரனை அழுத்தி எடுக்கவேயில்லை.

அங்கே மொத்தக் கூட்டமும் தடுப்பைத் தாண்டிக் குதித்தது. மஞ்சள் கோட்டு ஆள், கோழியை மடக்குவதுபோல இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். யார் கேட்டார்கள்? தடித்த வெள்ளைக்காரர் ஒருவர் அவனை அலாக்காகத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, அவன் முகம் எங்கள் பக்கம் திரும்ப இறக்கிவிட்டார். தொப்பி விழுந்துவிட்டது.

கேமரா அங்கேயே நின்றது. கறுத்த, சின்ன முகம், நம்மூர் முகம். பல் தெரியச் சிரித்தது.

ஹாரன் நின்றது.

சுடலைமணி மெதுவாக இறங்கி, யாரும் சொல்லாமலே லாரித் தார்ப்பாயை அவிழ்க்கப் போனான்.

அண்ணாச்சியின் கையில் வடை பொடிப்பொடியாகி இருந்தது. அதைத் தட்டக்கூடத் தோன்றாமல் செல்லுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இத்தனை நாளும் முதுகைப் பார்த்ததுல இது தெரியலைலே சித்தீக்," என்றார். "மெலிஞ்சிட்டான்."