மூன்றாவது மன்றாட்டு

மூன்றாவது மன்றாட்டை அவள் வாசித்து முடித்தாள்.

கோயிலில் யாரும் பதில் சொல்லவில்லை.

ஒவ்வொரு மன்றாட்டுக்கும் மக்கள் சொல்ல வேண்டியது ஒரே வரிதான். ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும். திருத்தந்தைக்காக வாசித்தபோது சொன்னார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்காக வாசித்தபோது கூரை அதிரச் சொன்னார்கள்.

மூன்றாவது, அமைச்சருக்காக. அவருடைய உடல்நலத்துக்காக, நீடித்த பணிக்காக, நல்ல உள்ளத்துக்காக.

மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

அமைச்சர் முன்வரிசையில், சாமியார் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட மெத்தை நாற்காலியில் இருந்தார். கண்ணை மூடிக் கை கூப்பியிருந்தார். இந்த ஊர்க்காரர், சின்ன வயதில் இந்தக் கோயிலில் புதுநன்மை வாங்கியவர்தான். தேர்தல் வந்தபோது சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார், நம்ம பிள்ளை ஒருவன் அங்கே இருந்தால் நமக்குப் பலம் என்று. ஊர் மொத்தமும் அவருக்கே ஓட்டுப் போட்டது.

பிறகு கடற்கரைக்குத் தொழிற்சாலை வந்தது. அதை எதிர்த்து ஊர் சாலையில் உட்கார்ந்தது. போலீஸ் வந்தது. அன்று முழுவதும் அமைச்சர் போனை எடுக்கவில்லை.

அவள் மகன் ரெமிஜியுஸ் இன்னும் ஜெயிலில் இருக்கிறான்.

பூசைக்கு முன் சாமியார் அவளைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பூசை உடுப்பை மாட்டிக்கொண்டே பேசினார்.

“நீயே வாசிம்மா. அவரு கண்ணுல நீ படணும். ஒம்மவன் மேல உள்ள கேஸை வாபஸ் வாங்குறதா வாக்குக் குடுத்திருக்காரு. இன்னைக்கு ஊர்ல ஒரு முணுமுணுப்பு இருக்கப்படாது.”

வெளியே வந்தவளை வாசலில் செலஸ்தீனக்கா மறித்தாள். பக்கத்து வீட்டுக்காரி.

“ஏளா, அவனுக்கா மன்றாட்டு வாசிக்கப் போற? போன தடவை நாம ஜெபிச்சுத்தான் அவன் மந்திரியானான். இன்னும் பத்தலையா ஒனக்கு?”

“எம்மவன் வீட்டுக்கு வரணும்லாக்கா.”

அக்காவின் மகனும் அன்று சாலையில் உட்கார்ந்தவன். அவன் வீட்டில்தான் இருக்கிறான். தடியடியில் முழங்கால் நொறுங்கிவிட்டது. இனி கடலுக்குப் போய் வள்ளத்தில் நிற்க முடியாது. அவனுக்காக யாரும் வாபஸ் வாங்குவதற்கு எதுவும் இல்லை.

வாசிப்பு மேடையிலிருந்து அவள் பார்த்தாள். பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம். எல்லா வாயும் மூடியிருந்தது. மகனைப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து, சாயங்காலமானால் அவள் வீட்டுக்கு வந்து ஜெபமாலை சொல்கிறவர்கள்.

அவளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறார்கள்.

அது புரிந்ததும் அவள் அமைச்சரைப் பார்த்தாள்.

அமைச்சர் கண்ணைத் திறந்தார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய உதவியாளர் பார்த்தார். கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையின் தலைவரிடம் சாய்ந்து கேட்டார்.

“என்னங்க, ஊர்ல யாருக்கும் வாய் இல்லையா?”

“மைக்கு சரியாக் கேக்கல போலிருக்கு சார்.”

பீடத்திலிருந்து சாமியார் அவளைப் பார்த்துக் கையைக் கொஞ்சம் அசைத்தார். அடுத்ததற்குப் போ.

அவள் போகவில்லை.

அதே மன்றாட்டை முதலிலிருந்து மறுபடி வாசித்தாள். உடல்நலத்துக்காக. நீடித்த பணிக்காக. நல்ல உள்ளத்துக்காக. ஒலிபெருக்கியில் அவள் மூச்சும் சேர்ந்து கேட்டது. முடித்தபின் மூன்றாம் பெஞ்சில் இருந்த செலஸ்தீனக்காவையே பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை என்று தெரிந்தேதான் பார்த்தாள்.

அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.”

ஒற்றைக் குரல். கரையில் மீன் ஏலம் கூறும் தொண்டை. கோயிலின் கடைசிவரை கேட்டது.

பிறகு பாடகர் குழுவில் ஒருத்தி சொன்னாள். பிறகு பெண்கள் பக்கம் முழுவதும். ஆண்கள் கடைசியாகச் சேர்ந்துகொண்டார்கள், யாரையும் பார்க்காமல்.

அமைச்சர் மறுபடி கண்ணை மூடினார்.

பூசை முடிந்ததும் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

“எனக்கு எதுக்கு சாமி இதெல்லாம்? எனக்காக மொதல்ல வாய் தெறந்து வேண்டுனாங்களே ஒரு தாய், அவங்களுக்குல்லா இதப் போடணும்! எங்க அந்த அம்மா?”

யாரோ கையைக் காட்டினார்கள். பேரவைக்காரர்கள் இரண்டு பேர் போய் செலஸ்தீனக்காவை முன்னால் அழைத்து வந்தார்கள்.

அமைச்சர் போர்த்தினார். சரிகைக் கரை அக்காவின் தாடையில் உரசியது. அவள் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

யாரும் கலைந்து போகவில்லை. அக்காவின் கோபம் ஊருக்குத் தெரியும். எடைக்கு ஏமாற்றிய வியாபாரியின் தலையில் மீன்கூடையைக் கவிழ்த்தவள். பேரவைத் தலைவர் ஒரு அடி தள்ளியே நின்றார்.

“அம்மா, இங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க,” என்றார் புகைப்படக்காரர்.

அக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தூணோரம் நின்ற ரெமிஜியுஸின் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தாள்.

எவ்வளவு சிரிக்க வேண்டும் என்று கேட்பதுபோல.