கையெழுத்து சரியில்லை

நம்பிராஜன்தான் குற்றவாளி என்று சசிரேகா காலை பத்தரைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

ஒரகடத்தில் அந்தக் கம்பெனி, கார்களுக்குச் செம்பு ஒயர் செய்கிறது. சசிரேகா டிஸ்பாட்ச் இன்சார்ஜ். சரக்கை எங்கே இறக்க வேண்டும் என்ற சீட்டைக் கார் கம்பெனியின் வெப்சைட்டில் எடுத்தால்தான் லாரி கிளம்பும். பன்னிரண்டுக்குள் கிளம்பாவிட்டால் அங்கே லைன் நின்றுவிடும், இங்கே அவள் வேலை போய்விடும். பாழாய்ப்போன அந்த சைட்தான் காலையிலிருந்து திறக்கவில்லை. அவள் போனில் ஜோராகத் திறந்தது. சீட்டை பிரிண்ட் எடுக்க வேண்டிய ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் திறக்காதாம்!

நெட்வொர்க் பார்க்கும் நம்பிராஜன், பிரமோஷன் கிடைக்காத கடுப்பில் போன வாரம்தான் ராஜினாமா கொடுத்திருந்தான். அவன்தான் அடைத்திருக்கிறான், வேறு யார்?

"நான் அடைக்கல மேடம். சைட்டோட அட்ரஸை நாம ஒரு பொது டி.என்.எஸ். சர்வர்ட்ட கேட்டுத்தான் போறோம். வர்ற அட்ரஸ்ல கையெழுத்து சரியில்லன்னு அது தரமாட்டேங்கு. டி.என்.எஸ்.செக்னு பேரு. பாஸ்ல கையெழுத்து சரியில்லன்னா நம்ம கேட்ல விட்டுருவாவளா?"

"இன்னாப்பா கதை வுடுற? என் போன்ல தொறக்குதே!"

"உங்க போன் கையெழுத்துப் பாக்காது மேடம். கார் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன். போன்லயும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

கார் கம்பெனிக்கு இரண்டு தடவை போன் அடித்தாள். எங்கேஜ்ட். நேராக மேனேஜரிடம் ஓடினாள்.

ஐந்தே நிமிடத்தில் நம்பிராஜனின் போனையும் ஐடி கார்டையும் பிடுங்கிக்கொண்டு கேட்டில் உட்கார வைத்தார்கள். வெளியே போக எழுந்தவனை செக்யூரிட்டி நாகப்பன் மறித்தார். "அவுட்பாஸ்ல மேனேஜர் கையெழுத்து இல்லியே தம்பி, எப்படி வுடுவேன்?"

அவனுடன் வேலை பார்க்கும் ஷெர்லின், பயந்துகொண்டே, கையெழுத்துப் பார்க்காத வேறு சர்வருக்கு மாற்றினாள். சைட் பளிச்சென்று திறந்தது. சசிரேகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தியா? எவ்ளோ நெஞ்சழுத்தம் அவனுக்கு!"

சீட்டில் இறக்குமிடம் மட்டும் மாறியிருந்தது. வாலாஜாபாத், புதுக் கிடங்கு. இருக்கட்டுமே, பெரிய கம்பெனிக்கு ஊருக்கு ஊர் கிடங்கு. பதினொன்றே முக்காலுக்கு லாரி கேட்டுக்கு வந்தது. நாகப்பன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சசிரேகாவின் கையெழுத்து சரியாக இருந்தது. சல்யூட் அடித்து அனுப்பினார்.

இரண்டு மணிக்குக் கார் கம்பெனியிலிருந்து போன். லோடு வந்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சசிரேகா சிரித்த முகமாக எடுத்தாள்.

"மேடம், எங்க சைட் அட்ரஸையே எவனோ திருடி, போலி சைட்டு நடத்திகினு இருக்கான். காலைல உங்க நம்பிராஜன் சார் போட்ட மெயிலைப் பார்த்துதான் எங்களுக்கே தெரிஞ்சுது. நல்லவேளை, நீங்க லாரியை அனுப்பாம நிறுத்தினதால உங்க லோடாவது தப்பிச்சுது. சார்ட்ட போனைக் குடுங்க, ஒரு தேங்க்ஸ் சொல்லிடுறேன்."