திருச்சிக்காரர் சொன்ன எடை

“அரைக் கிலோவுக்கு மேல ஒரு கிராம் கூடுனாலும் இது கெளம்பாது, தம்பி.”

குணசேகரன் இப்படிச் சொன்னதும் பெலிக்ஸுக்குச் சிரிப்பு வந்தது. திருமயம் பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். கல்யாண வீடுகளில் படம் பிடிக்கிற ட்ரோன்களையும் பழுது பார்ப்பான். இப்போது அவன் மேசைமேல் கிடந்தது ஒரு பழைய ரிமோட் விமானம். குணசேகரன் துபாயில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்தது. கிட்டத்தட்ட ஒரு கிலோ இருந்தது.

“அண்ணே, இந்த மோட்டாரு ஒரு கிலோவை அசால்ட்டாத் தூக்கும். இத்தனை வருஷம் பறந்துச்சுல்ல?”

“பறந்துச்சு. இனிமே அரைக் கிலோதான்.”

“யாரு சொன்னது?”

“திருச்சியில ஒருத்தர். பெரிய ஆளு. அவர் சொன்னா அப்பீலே கிடையாது.”

பெலிக்ஸின் முகம் சுருங்கிவிட்டது. பறக்கிற சாமானைப் பற்றி உள்ளூரில் தான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, திருச்சிவரைக்கும் போய் யோசனை கேட்பானேன்?

“அந்தப் பெரிய ஆளு எத்தனை பிளேன் விட்டிருக்காராம்?”

“அதெல்லாம் நான் கேக்கலைப்பா. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க ஊரு கண்மாயில இது பறந்தாகணும். இந்தத் தடவை தவறிப்போனா அப்புறம் எப்பவுமே பறக்காது. ஒன்னையத்தான் நம்பியிருக்கேன்.”

அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொம்மை விமானத்துக்கு இந்த மனுஷன் அழுதுவிடுவார் போலிருக்கே என்று பெலிக்ஸ் வேலையை ஒப்புக்கொண்டான்.

முதலில் பழைய பேட்டரியைக் கழற்றினான். செங்கல் மாதிரி கனம். அதற்குப் பதில் மெல்லிசாக ஒன்றை மூக்குப் பக்கம் தள்ளி வைத்தான். அதனால் முன்பாரத்துக்காக ஒட்டியிருந்த ஈயத்துண்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதையும் பிடுங்கிவிட்டு குணசேகரனுக்குப் போன் போட்டான்.

“நல்லா இருப்ப தம்பி. ஒம் புள்ளகுட்டி நல்லா இருக்கும்” என்றார் அவர்.

ஒரு ஈயத்துண்டுக்கா இவ்வளவு வாழ்த்து? பெலிக்ஸுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு முறை கீழே விழுந்தபோதும் யாரோ அப்பிவைத்த பசையைச் சுரண்டினான். டேப்பை உரித்தான். பெயிண்டைத் தேய்த்தான். பக்கத்து மிட்டாய்க் கடைத் தராசில் அடிக்கடி வைத்துப் பார்த்தான். மிட்டாய்க் கடைக்காரர், “அதுல என்னப்பா இருக்கு, அல்வாவா?” என்று கேட்டே விட்டார்.

வெள்ளிக்கிழமையும் முள் அரைக் கிலோவைத் தாண்டித்தான் நின்றது. கடைக்கு வந்த குணசேகரனின் முகம் செத்துப்போயிற்று.

“இனிமே சக்கரந்தாண்ணே பாக்கி. அதைக் கழட்டிட்டா எப்படி ஓடிக் கெளம்பும்?”

“கண்மாய்க்குள்ள ஓட விட ஏது எடம்? எப்பவும் கையில வச்சு எறியறதுதான். எறங்கையில புல்லுல வயித்தால சறுக்கிட்டுப் போகட்டும். கழட்டிரு.”

கழற்றினான். தராசு சரியாக நின்றது. குணசேகரன் கடை வாசல் என்றும் பார்க்காமல் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“என்னண்ணே இது, வயசுல பெரியவரு நீங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்து எறியுறேன். ரெண்டு கிலோன்னாலும் எறிவேன், கிரிக்கெட் ஆடுற கை.”

“வேணாம் தம்பி, எறியறதுக்கு ஆள் இருக்கு. நீ வந்து பாரு, அது போதும்.”

“அந்தத் திருச்சிக்காரரா?”

“அவர் எங்க வரப்போறாரு. அவர்கிட்டப் பெர்மிஷன் மட்டும் வாங்கியாச்சு.”

பெர்மிஷன் வேறா என்று பெலிக்ஸ் மனதுக்குள் கறுவிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வற்றிக் கிடந்த கண்மாயின் கரையில் அவன் பைக்கை நிறுத்தியபோது குணசேகரன் ரிமோட்டோடு காத்திருந்தார். பக்கத்தில் மெலிந்துபோன ஒரு பெண், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றாள். வேறு ஆளைக் காணோம்.

“எம் பொஞ்சாதி செவந்தி” என்றார் குணசேகரன். “வாங்குன நாள்லேர்ந்து எனக்கு ரிமோட்டு, இவளுக்கு எறியற வேலை.”

செவந்தி விமானத்தை வலது கையில் வாங்கி ஏந்திப் பார்த்தாள். “கனமே தெரியல தம்பி. ரொம்ப நன்றிப்பா” என்றாள்.

மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. அவள் கை தோள்வரைக்கும் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டாள். கை மெல்ல மெல்லத் தலைக்கு மேலே போனது. எறிந்தாள். விமானம் கருவேல மரங்களைத் தாண்டி ஜிவ்வென்று ஏறியது.

“அண்ணே, பிளேனைப் பாருங்க, அங்கிட்டுப் போகுது” என்று பெலிக்ஸ் பதறினான்.

குணசேகரனின் விரல்கள் பழக்கத்தில் ரிமோட்டைத் திருப்பின. ஆனால் கண் நிறைந்து வழிய, அவர் மேலே தூக்கியபடியே இருந்த மனைவியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மார்புல ஆபரேஷன் பண்ணதுக்கப்புறம் இன்னைக்குத்தான் தம்பி இந்தக் கை தலைக்கு மேல போகுது” என்றார். “தூக்கிப் பழகணும், ஆனா அரைக் கிலோவுக்கு மேல கூடாதுன்னு திருச்சி டாக்டர் சொன்னாரு. வலிக்குதுன்னு வீட்டுல ஒரு டம்ளரைக்கூடத் தூக்க மாட்டேன்னவ, இந்தப் பிளேன்னா மட்டும் தூக்குறேன்னு சொன்னா.”