பதினேழாம் நம்பர்

"பதினேழாம் நம்பருக்குத்தான் முதல் பரிசு. இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?" என்றார் நூலகர் அம்மா.

நடுவராக வந்திருந்த வரைவாளர் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காம்பஸ், ஸ்கேல், பென்சில் தவிர வேறெதுவும் கூடாது என்பது போட்டி விதி. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, வட்டங்கள் வெட்டிக்கொண்ட இடங்களிலிருந்து பன்னிரண்டு முனை நட்சத்திரம் ஒன்றை எடுத்திருந்தது அந்தக் கை. பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.

வரைந்தவர்களின் பெயர்கள் மூடிய உறைகளுக்குள் இருந்தால் என்ன? காம்பஸ் முள் குத்திய துளைகள் அப்படியே தெரிந்தனவே! ஆபீஸில் எல்லோரும் கடைசியில் ரப்பர் தூளைத் தேய்த்து அவற்றை அடைத்துவிடுவார்கள். அடைக்காத ஒரே ஆள் பக்கத்து மேஜைக்காரன். "நடுங்காம குத்தினவன் எதுக்கு மறைக்கணும்?" என்பான் திமிராக. நூல் பிடித்ததுபோலக் கோடு போடுகிறான் என்று மேலதிகாரியே அவனுக்கு 'நூல்பிடி' என்று பெயர் வைத்திருந்தார்; ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. இருபது வருஷத்தில் இவருக்கு ஒரு பட்டப்பெயர்கூடக் கிடைக்கவில்லை.

பரிசு பெறும் வடிவத்தை நூலகத்தின் முன்சுவரில் பெரிதாக வரையப்போகிறார்கள். தினமும் ஆபீஸுக்குப் போகிற வழியில் அதைப் பார்த்துத் தொலைக்க வேண்டும்.

போதாக்குறைக்கு வீட்டிலும் அவன் புராணம்தான். அவன் வரைந்த படம் ஒன்றைப் பார்த்து, 'என்ன நிதானமான கை' என்று போன மாதம்தான் மனைவி அவனைப் புகழ்ந்திருந்தாள். முதலில் ஒப்புக்கொண்டிருந்த நடுவருக்குக் காய்ச்சல் என்று நேற்று இவரைக் கூப்பிட ஆள் வந்ததும் அவள் முகமே மாறிவிட்டது. "யார் மேல உள்ள கோபத்தையும் படத்து மேல காட்டிடாதீங்க" என்றாள். அவனுக்காக என்ன ஒரு பரிவு!

"இந்த முனையைப் பாருங்கம்மா. மயிரிழை விலகியிருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"உங்களுக்குத் தெரியாது. சுவத்துல பெருசாக்கும்போது பல்லை இளிச்சிடும்."

"ஆனா கண்ணை எடுக்க முடியலையே சார்."

அது போதும் அவருக்கு. சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த முனையைச் சுழித்து, நட்சத்திரத்தின் குறுக்கே 'தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"ஐயோ, படத்து மேலேயே எழுதிட்டீங்களே!"

"பதினோராம் நம்பருக்குக் கொடுங்க. எங்க ஆபீஸ் நூல்பிடி மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நாளைக்குப் பார்க்கணும்."

"அவரா? அவர் ஃபாரமே வாங்கலையே. நேரமில்லைன்னுட்டார்."

வரைவாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்போ இது யாரு?"

நூலகர் பதினேழாம் உறையைப் பிரித்தார். "'யாரிடம் கற்றீர்கள்'னு கேட்ட இடத்துல, 'என் வீட்டுக்காரர் வரையும்போது பின்னால் நின்று பார்த்துக் கற்றேன். அவருக்குத் தெரியாது'ன்னு எழுதியிருக்காங்க. பாவம்."

கீழே இருந்த விலாசத்தைப் படித்தவர் மெல்ல நிமிர்ந்தார்.

"சார், உங்களைக் கூப்பிட நேத்து இந்த வீட்டுக்குத்தானே ஆள் அனுப்பினேன்?"