பூட்டிய கதவும் நூறு ரோஜாவும்

இந்தக் கதையில் ஓர் இடம் பல வருடங்களாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொன்னவர் பூக்காரர்.

பூ விற்பவர் இல்லை. பிஸ்கட் கம்பெனியில் எங்களோடு அடுப்புப் பிரிவில் இருந்தவர். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு ரோஜாப் படம் போடாமல் காலையில் பல்கூடத் துலக்க மாட்டார். போனில் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

அப்போது எங்களுக்கு ஒரு தலைவலி. குழுவில் என்ன எழுதினாலும் சாயங்காலத்துக்குள் மேனேஜர் காதுக்குப் போய்விடும். போட்டுக்கொடுப்பது யாரென்று தெரியவில்லை.

ஒருநாள் பேக்கிங் அக்கா ஒரு படம் எடுத்தாள். தீப்பிடித்தால் தப்பி ஓடுவதற்கான கதவு, பெரிய பூட்டோடு. 'லேபர் ஆபீசருக்கு அனுப்புங்க' என்று கீழே எழுதினாள். செயலாளருக்குத் தனியாக அனுப்ப வேண்டியதை, அவசரத்தில் குழுவிலேயே போட்டுவிட்டு, போனை லாக்கரில் வைத்துப் பூட்டி, வேலைக்குள் போய்விட்டாள்.

மேனேஜர் பார்த்தால் அவள் வேலை அன்றோடு காலி.

அடுத்த நிமிடம் பூக்காரர் ஆரம்பித்தார். ரோஜா. ரோஜா. மறுபடி ரோஜா.

செயலாளர் குரல்பதிவில் கத்தினார். "யோவ், இது சங்கமா, பூக்கடையா? மேலே இருக்கிறதைத் தேடித் தேடி விரல் தேயுது!"

"இன்னும் தாமரை பாக்கி இருக்கு தோழர்" என்று பதில் வந்தது.

தாமரையும் வந்து குவிந்ததும், அவரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

செயலாளர் படத்தைத் தேடிப் பிடித்து அனுப்பினார். ஆபீசர் வந்தார். கதவு திறந்தது. படம் எடுத்தது யாரென்று மேனேஜருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அப்புறம்தான் டீக்கடையில் பூக்காரர் வாய் திறந்தார். "அக்கா போட்டதை மூடத்தான்யா பூவைக் கொட்டினேன். மேனேஜரும் தள்ளித் தள்ளிப் பார்த்தாரு. ரோஜா, தாமரை, மறுபடி ரோஜா. கொட்டாவி விட்டுட்டு போனை மேஜையில போட்டுட்டாரு."

செயலாளர் உருகிப்போனார். "மன்னிச்சுடுங்க தோழர். இப்பவே சேர்த்துடறேன்."

"வேணாம் தோழர். நான் வெளியிலயே இருக்கேன். அதான் எல்லாருக்கும் நல்லது."

என்ன பெருந்தன்மை என்று எல்லாரும் சொன்னார்கள். அன்றிலிருந்து குழுவில் பேசியது எதுவும் மேனேஜர் காதுக்குப் போகவும் இல்லை.

நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. நல்லது செய்த மனிதரைப் போய்க் கிளறலாமா என்று என்னையே திட்டிக்கொண்டு இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் அதே டீக்கடையில், ஒரு வாய் டீ குடித்துவிட்டு, கேட்டேவிட்டேன்.

"அண்ணே, கொட்டாவி விட்டுட்டு மேஜையில போட்டாரே, அந்தப் போன் உங்களோடதுதானே?"